போடாத பூச்சியம்

அட்டனில் பேக்கரிக்கு மேலே என் அறை.
பாண் வேகும் வாசம் படியேறி வந்தால்
விடிய நாலு மணி என்று அர்த்தம்.
நூலகம் என்று நான் சொல்வது புத்தகங்களை அல்ல.
மழையைக் கேட்டால்
மழையை அள்ளிக்கொண்டு வந்து தரும்,
யாரோ எழுதிய நிரல்களின் கட்டு.
எந்த சேர்வர், எந்த ஆண்டு, எந்த மலை
என்று நாம் சொல்ல வேண்டும்.
சொல்லாமல் விட்டதையெல்லாம்
அதுவே முடிவுசெய்துகொள்ளும்.

அந்த முடிவுகளுக்கு முன்னிருப்பு என்று பேர்.
ஒரு சின்ன பைல், முப்பத்தொரு வரி.
ஆறு வருஷமாக யாரும் திறக்கவில்லை.

திறக்கவைத்தது பதினாலாம் மானி.
ஐப்பசியில் மூன்று நாள்
படம் முழுக்கக் கடும் நீலம்,
நடுவே அந்தப் புள்ளி மட்டும்
வெயிலில் காயப்போட்ட துணிபோல வெள்ளையாக.
0
0
0

பதினாலு சவரியம்மாவின் பொறுப்பு.
பிள்ளைக் காம்பராவில் வேலை.
காலை எட்டரைக்கு, பால்மா கரைக்குமுன்,
புல்லில் நிற்கும் மானியின் தண்ணீரை
அளவுக் குழாயில் ஊற்றி
கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து
போனில் எண்ணை அனுப்புகிறவள்.
ரோடு திறந்து சிக்னல் வந்தபின் கோல் எடுத்தேன்.

"பூச்சியம் நான் போடலீங்க.
நான் ஒன்னுமே போடல.
தொங்க லயத்துப் பக்கம் மண்ணு எறங்கிருச்சு.
புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயில்ல கெடந்தோம்.
போன்ல சார்ஜ் ஏது?"

பதினேழாம் வரி:
வராத மதிப்பைப் பூச்சியமாக எடு.

எழுதியவன் கெட்டவன் இல்லை.
கூட்டல் தடங்காமல் நடக்கட்டும் என்று நினைத்திருப்பான்.
அவன் ஊரில் மானி பேசாவிட்டால்
மழை இல்லை என்றுகூட இருக்கலாம்.
ஆனால் எங்களுக்கு இந்த வரி புதிதில்லை.
செக்ரோலில் கட்டம் வெறுமையாக இருந்தால்
சம்பள நாளில் அது பூச்சியம்.
கொழுந்து அரைக்கிலோ குறைந்தால் அரைப்பேர்.
காய்ச்சலா, சாவு வீடா,
அடையாள அட்டைக்காகக் கச்சேரி வாசலில் நின்றாளா,
கட்டத்துக்கு எங்கே தெரியும்.

பேராதனையிலிருந்து திலின சொன்னான்:
"அதில் கை வைக்காதே,
எல்லார் கணக்கும் அதன்மேல்தான் நிற்கிறது."
உண்மைதான். அதனால்தான் கை வைத்தேன்.
வராதது வராததாகவே இருக்கட்டும்.
இன்னும் இரண்டு வரி தள்ளி,
சேர்வர் கிடைக்காவிட்டால் நேற்றையதைக் காட்டு,
சத்தம் போடாதே, என்றிருந்தது.
சத்தம் போடு என்று மாற்றினேன்.
(கிறீன்விச் நேரத்தைத் தொடவில்லை.
அந்தச் சண்டைக்கு இன்னொரு இரவு வேண்டும்.)

ஓடவிட்டேன்.
வெள்ளைப் புள்ளி இருந்த இடத்தில் ஓட்டை.
மாதக் கூட்டுத்தொகை வரவில்லை.
மாதம் வராததால் வருஷமும் வரவில்லை.
மூன்று நாள் ஒருத்தி பேசவில்லை என்பதற்காக
முழு மாவட்டமும் கணக்குச் சொல்ல மறுத்தது.

இரண்டு முறை அடித்தது போன், எடுக்கவில்லை.
மூன்றாம் முறை,
"படம் அசிங்கமாக இருக்கிறது" என்றான் திலின.
"ஆமாம்" என்றேன்.
அவன் பக்கத்தில் ஒரு மின்விசிறி சுற்றும் சத்தம்.
"சரி, ஒரு கிழமைக்கு அப்படியே விடு."

வெள்ளிக்கிழமை பின்னேரம் சவரியம்மா:
"இப்பத்தான் காம்பராவுக்கு வந்தேன்.
மானி நெறைஞ்சு வழிஞ்சு கெடக்கு,
சுத்திப் புல்லெல்லாம் படுத்திருக்கு.
எத்தனைன்னு போட?"

பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எண் மட்டுமே ஏற்கும் கட்டத்தில்
கோடு மினுங்கி மினுங்கி நிற்கிறது.
வழிஞ்சு கெடக்கு என்று அடித்துப் பார்க்கிறேன்,
சிவப்பாகிறது.
அழித்து, மறுபடி அடிக்கிறேன்.
கீழே அடுப்பு மூட்டிவிட்டார்கள்.