கல்லிடுக்கு

அண்ணன் அனுப்பிய வீடியோவில்
உருகுகிற பனி
கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே
யாருக்கும் சொல்லாமல் இறங்கிப் போகிறது.
நாற்பது வினாடி. சத்தமில்லை.
கடைசியில் அவன் சப்பாத்து நுனி
ஒரு தரம் தட்டுகிறது:
பார், வழுக்கவில்லை.

ட்ரொம்சோவில் போன மாசியில்
வாசலில் நின்ற தண்ணீர்
இரவில் கண்ணாடியாகி
காலையில் அவன் மணிக்கட்டை முறித்தது.
"நிக்கிற தண்ணிதான் ஆளை விழுத்துது, தங்கச்சி.
போக விட்டா அது பாட்டில போகும்."
இடுப்பளவு தோண்டி
அடியில் பெருங்கல், அதன்மேல் சிறுகல்,
எல்லாவற்றுக்கும் மேலே
நீக்கல் விட்டு அடுக்கிய கல்.
இருபத்தேழு தவணை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
பெரியகல்லாற்றில் நாங்கள்
கடலுக்கும் வாவிக்கும் நடுவே
சல்லடை மேல் குடியிருக்கிறவர்கள்.
விடிய விடியப் பெய்தாலும்
வளவு மணல் குடித்துவிட்டு
வாயைத் துடைத்திருக்கும்.

ஆவணியில் இவர் ஒரு பழைய வான் வாங்கினார்.
கடப்பைத் தாண்டிய முதல் நாளே
பின்சில்லு பாதிவரை புதைந்தது.
ஓலை போட்டோம், சாக்குப் போட்டோம்,
ரியூசன் விட்டு வந்த பெடியன்கள் நாலுபேர்
தள்ளி, மணல் குளித்து, சிரித்து...
"கொங்கிறீட் போடுவம்" என்றார் இவர், சிரிக்காமல்.

கிருபைராணி வீட்டில் போட்டிருக்கிறார்கள்,
கடப்பிலிருந்து கிணற்றடி மட்டும்.
இலை இல்லாமலே சோறு போட்டுத் தின்னலாம்.
அதற்கு அடுத்த மாரியில்
அவள் வளவுத் தண்ணீர் அத்தனையும்
மதிலின் அடியால் என் குசினிக்குள் வந்தது.
நான் வாளியால் அள்ள
அவள் மதிலுக்கு மேலால் தேத்தண்ணி நீட்டினாள்.
இஞ்சி போட்டது.
சண்டை பிடிக்கவும் வழியில்லை.

ஆகவே நீக்கல் என்றேன்.
தவேந்திரன் மேசன் நூலைப் பிடித்தபடி
என்னைப் பார்த்தார்.
"ஓட்டை விட்டு வேலை செஞ்சா
சனம் என்னைத்தானே பேசும், புள்ள."
முப்பது வருடம்
தண்ணீர் புகாத வேலைக்குப் பேரெடுத்த கை.

அண்ணனைப் போனில் பிடித்துக் கொடுத்தேன்.
அங்கே அன்றைக்குத்தான் முதல் பனி.
இரண்டு பேரும் ஆழம் பேசினார்கள், கல் பேசினார்கள்,
எத்தனை விரற்கடை என்று பேசினார்கள்.
"குளிருக்குள்ள வழுக்காம இருக்கட்டுமெண்டு
மணல் மட்டும் தூவிப்போடாதீங்க, அண்ண,
நீக்கல் அடைச்சுப்போகும்."
மேசன் சுற்றிவரப் பார்த்தார்.
கடற்காற்று அப்போதும்
அவர் காதுமடலில் மணல் வைத்துக்கொண்டிருந்தது.
"தம்பி, இஞ்ச நாங்க தூவுறல்ல.
அதுவா வரும்."

கருங்கல் சல்லி நிரப்பினோம்.
வெள்ளிக்கு வெள்ளி நான் ஈர்க்குமாற்றால் தட்டினேன்.
கிருபைராணி எட்டிப் பார்த்து
முடியாத வேலையோ என்று கேட்டாள்.
முடிஞ்சிட்டுது என்றேன்.

மார்கழியில் ஓர் இரவு
கரண்ட் போய், வானம் உடைந்து கொட்டியது.
டோர்ச்சோடு போய் நின்றேன்.
வான் நின்ற இடத்திலேயே நின்றது.
கல்லிடுக்கெல்லாம்
சோடாப் போத்தல் திறந்ததுபோல் குமிழி.
மண்ணுக்குள் இருந்த காற்று
தண்ணீருக்கு இடம்விட்டு மேலே வந்தது.
குசினி காய்ந்து கிடந்தது.
வாளிக்கு வேலையில்லை.

படியடியில் மட்டும்
ஒரு தட்டளவு தண்ணீர்.
குனிந்து தடவினேன்.
மூன்று நீக்கலில் சீமெந்து,
வழுவழுவென்று, கரண்டியால் இழுத்து மினுக்கியது.
கடைசி நாள் மைமலுக்குள்
நான் தேத்தண்ணி ஊற்றப் போன நேரம்
அந்தக் கை பொறுக்காமல் செய்திருக்கிறது.
கோபம் வரவில்லை.
வீட்டுக்கு வருகிறவர் முதல் கால் வைக்கிற இடம் அது.

நாற்பது வினாடி எடுத்து அனுப்பினேன்.
உடனே பதில் வந்தது:
"அந்த மூலையில கவனம்.
விடியப்புறம் வழுக்கும்."

எந்த ஊர் என்பதை
அந்த நிமிடம் மறந்திருப்பான்.
திருத்தவில்லை நான்.
விடிந்ததும்
அந்தத் தட்டளவைச் சுற்றித்தான் நடந்தேன்.