ஒக்டோபர், நவம்பர்

வாவி நீரின் உப்பைக் காட்டும் வரைபில்
இரண்டு மாதம் கோடு இல்லை.
மதிப்பீட்டாளர் கேட்டிருக்கிறார்:
மழை விழுந்து உப்பு இறங்கும் காலம்,
அதையேன் விட்டீர்கள்?

"சீரற்ற காலநிலை காரணமாக" என்று எழுதினேன்.

செப்டெம்பர் முப்பதோடு
என் நியமனம் முடிந்திருந்தது,
நான்காவது தடவை.
ஆய்வுகூடச் சாவியைக் கையெழுத்து வைத்துக் கொடுத்துவிட்டு
வந்தாறுமூலையில் பஸ்ஸுக்கு நின்றபோது
முதலாம் வருடப் பொடியன் ஒருவன்:
"மிஸ், அடுத்த செமஸ்டரும் நீங்கதானே?"
தலையை ஒரு மாதிரி ஆட்டினேன்.
ஓமும் அல்ல, இல்லையும் அல்ல.

பிறகு செங்கலடியில் ஓஎல் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம்.
அறை வாடகைக்கு அது போதும்.
ஜூனில் விடைத்தாள் திருத்திய காசு
இன்னும் வவுச்சராகவே கிடக்கிறது.

டிசம்பரில் கடிதம் வந்தது. மறுபடி ஆறு மாதம்.
குருக்கள்மடத்துத் துறையில் சாமித்தம்பி
"எங்க புள்ள போன நீங்க?" என்றபடி
தோணிப் பலகைக்குக் கீழிருந்து எடுத்தார்
ஏழு சோடாப் போத்தல்.
"நீங்க அள்ளுற இடத்திலதான் அள்ளின.
மறுகா வந்து கேப்பீங்க எண்டு..."

ஒன்றிலும் திகதி இல்லை.
எது எந்த மழைக்கு என்று அவருக்கும் நினைவில்லை.
திகதி இல்லாத தண்ணீர்
அட்டவணையில் ஏறாது.

ஆனாலும் ஏழையும் அளந்தேன்,
எல்லாரும் போன பிறகு, லைட்டைப் போட்டுக்கொண்டு.
எண்களைக் கொப்பியின் கடைசித் தாளில்
பென்சிலால் எழுதினேன்.

ஏழாவது போத்தலில்
உப்பு இல்லையென்றே சொல்லலாம்.