ஏழாவது கட்டம்

சமூகவியல் ஏன் எடுத்தாய் என்று கேட்காதீர்கள்.
கலந்தாய்வில் எனக்கு மூன்று பேருக்கு முன்னால்
கணினி அறிவியல் முடிந்துவிட்டது.
"இதுல சீட் இருக்கும்மா" என்றார் மேசைக்காரர்,
டவுன் பஸ்ஸின் கடைசி இருக்கையைக் காட்டும்
கண்டக்டர் மாதிரி.
அப்பாவுக்கு இன்றுவரை அது சமூக நலத்துறை.
ஆபீஸ் வேலை நிச்சயம் என்று
பாலக்கோடு வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறார்.

மூன்றாவது செமஸ்டர். ஆய்வு முறையியல்.
கௌரவ விரிவுரையாளர் குணவதி மேடம்,
சம்பளம் வந்து மூன்று மாதம்,
அதுவும் ஒரு தரவுதான் என்பார்,
ஜெராக்ஸ் தாள்களை வரிசை வரிசையாக அனுப்பினார்.
எந்தக் காலத்திலோ ஓர் அமெரிக்கர் செய்த அளவுகோல்.
மனிதருக்கும் மனிதருக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று
ஏழு கட்டத்தில் அளக்கும்.
"பேர் வேண்டாம். சாதி எழுத வேண்டாம்.
வேற சாதி ஆள் ஒருத்தரை மனசுல வெச்சுக்குங்க.
ஆம், இல்லை. அவ்வளவுதான்."

ஊரில் இருக்கலாமா.
கூடப் படிக்கலாமா.
ஒரே இடத்தில் வேலை செய்யலாமா.
பக்கத்து வீட்டில் குடிவரலாமா.
நண்பராகலாமா.
வீட்டுக்குள் வந்து சாப்பிடலாமா.
கல்யாணம்

ஏழாவதில் வினைச்சொல் இல்லை.
ஜெராக்ஸில் ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.

நான் ஏழுக்கும் ஆம் போட்டேன்.
கை நடுங்கவில்லை.
பெயர் இல்லாத தாளில் நான் ரொம்ப நல்லவள்.
மாதேஸ்வரியிடம் பேனா இல்லை.
என் ஊதா மைப் பேனாவை வாங்கிக்கொண்டாள்.

கூட்டிப்போடும் வேலை வகுப்புத் தலைவிக்கு,
அதாவது எனக்கு.
நாற்பத்தாறு தாள். இரண்டே இரண்டு ஊதா.
ஒன்று என்னுடையது.
மற்றதில் ஆறு வரைக்கும் ஆம்.
ஏழில் டிக்கும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை.
பக்கத்தில் பொடி எழுத்தில்:
"இந்தக் கேள்வி எங்களுக்கா, மேடம்?"

என் அட்டவணையில் இரண்டு பத்திதான்.
மேடம் எட்டிப் பார்த்தார்.
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி
முந்தானையில் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.
"பதிலில்லைன்னு ஒரு பத்தி போடு."
போட்டேன்.
ஆம் பத்தொன்பது. இல்லை இருபத்தாறு.
பதிலில்லை ஒன்று.
கேள்வியாக இருந்தது
இரண்டு புள்ளி ஒன்று ஏழு சதவீதம் ஆனது.
மூன்றையும் கூட்டினால்
தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்பது ஒன்பதுதான் வருகிறது.
"தசமத்துல அப்படித்தான் போகும்" என்றார்.

ஐந்து மணி பென்னாகரம் பஸ்.
இருவருக்கும் ஒரே பூஜ்யம் ரூபாய் டிக்கெட்.
நான் இண்டூரில் இறங்குவேன். அவள் இன்னும் போக வேண்டும்.
ஒன்றரை வருடமாக
எங்கள் வீட்டுக் கேட்டு நீலம் என்று அவளுக்குத் தெரியும்,
நாயின் பெயர் தெரியும்,
மாடியில் காயும் அப்பாவின் லுங்கிகள் தெரியும்,
எல்லாம் ஜன்னல் வழியாக.
ஏப்ரலில் ஒருநாள் கேட்டாள்,
"இறங்கித் தண்ணி குடிச்சிட்டு அடுத்த பஸ்ஸுல போகட்டா?"
"அடுத்தது லேட்டாகும்டி" என்றேன்.
பின்னாலேயே ஒன்று வந்துகொண்டிருந்தது, காலியாக.

தண்ணீர் என்ன தண்ணீர்.
இந்தப் பக்கத்து போர் தண்ணீர்தான்
இருவர் பல்லிலும் பழுப்புக் கோடு இழுத்தது.
போட்டோ எடுக்கும்போது
ஒரே நேரத்தில் உதட்டை மூடிக்கொள்வோம்.

இன்று பேனாவைத் திருப்பித் தந்தாள்.
"கணக்கு சரியா வந்துச்சா?"
"கிட்டத்தட்ட."
மூடி எங்கோ விழுந்துவிட்டது என்றாள்,
புதுசு வாங்கித் தருகிறேன் என்றாள்.
பரவாயில்லை என்பதற்குள் இண்டூர் வந்துவிட்டது.
பையை மாட்டிக்கொண்டு எழுந்தேன்.
ஒரு வாக்கியம் சொல்லும் அளவுக்கு
பஸ் நின்றது.

கீழே இறங்கித் திரும்பிப் பார்த்தேன்.
நான் விட்ட இடத்துக்கு நகர்ந்திருந்தாள்,
ஜன்னலோரம்,
கேட்டு தெரிகிற பக்கம்.