கோழி நித்திரை

இரவு ஒன்று நாற்பது.
வளையில் மாட்டிய ஏணைக் கொழுக்கி கிறீச்சிடுகிறது.
தேங்காயெண்ணெய் விடவேண்டும் என்று
மூன்று கிழமையாக நினைக்கிறேன்.
விட்டால், அந்தச் சத்தம் நின்றுபோனதற்காகவே
இனியாழ் எழும்பிவிடுவாள் என்றும் பயம்.
ஏழு மாதம். இரண்டு பல்.
மூன்றாவது பல் இராவில்தான் வளருமாம்,
பகலில் அதற்கு வேறு வேலை போல.

சாகித்தியனுக்கு நாலு வயது.
தண்ணி கேட்டு எழும்புவான்.
தண்ணி குடித்துவிட்டேன் என்று சொல்ல எழும்புவான்.
யானை வந்ததோ என்று கேட்க எழும்புவான்.
"வரேல்லை, படு."
"ஏன் வரேல்லை?"
விடிய முன் இதற்குப் பதில் தெரிந்த தாய்
விசுவமடுவில் ஒருத்தியும் இல்லை.

கிளினிக்கில் மிஸி சொன்னா:
"பிள்ளை நித்திரை கொள்ளேக்க நீங்களும் கொள்ளுங்கோ."
நல்ல கதை.
பானையும் நித்திரை கொள்ளுமோ, பீத்துணியும் கொள்ளுமோ
என்று கேட்க நினைத்துத் தலையாட்டினேன்.
இன்னொரு தரம் ஆட்டினேன்.
மூன்றாவது, தலையாட்டல் இல்லை.
தோளில் தட்டி எழுப்பி
கார்ட்டைக் கையில் தந்தா.

ஐந்து இருபதுக்குச் சந்தியில் காமென்ற்ஸ் பஸ்.
கண்ணாடியில் நெற்றியை வைத்தால்
பரந்தன் வரைக்கும் எனக்கே எனக்கு.
தருமபுரத்து வேகத்தடையையும்
உள்ளே சேர்த்துத்தான் கனவு காண்பேன்.

நாங்கள் தைப்பது சின்னப்பிள்ளைகளின் இராச்சட்டை.
மஞ்சள் நிலா, சாம்பல் முயல்,
கொட்டாவி விடுகிற கரடி.
எந்தக் குளிர்நாட்டிலோ ஒரு பிள்ளை
இதை மாட்டிக்கொண்டு
எவளோ ஒருத்தியை விடிய விடிய எழுப்பப்போகிறது.
போன செவ்வாய் இருபத்தொரு சட்டைக்கு
இடக்கையை வலப்பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன்.
லைன் லீடர் ஏசவில்லை.
அவளுக்கு வீட்டில் இரட்டையள்.
பிரிக்கிற ஊசியை மட்டும் என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

ரூபனுக்கு எப்போதும் கோழி நித்திரை.
கலியாணம் கட்டிய புதிதில்
முற்றத்தில் தேங்காய் விழுந்தாலும் திடுக்கிட்டுக் குந்துவான்,
முதலில் தரையைத் தடவுவான்,
பிறகுதான் என்னை.
பதினான்கு வயதில் பழகியது.
நான் கேட்டதில்லை, அவன் சொன்னதுமில்லை.
ஆஸ்பத்திரியில் தந்த குளிசைப் போத்தல்
அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது.

இப்போது
பிள்ளை அழுவதற்கு முன்,
அழ மூச்சை இழுக்குமே, அந்த நேரத்தில்
ஏணையடியில் நிற்கிறான்.
இத்தனை வருசம் அவனை அலைக்கழித்த அந்தக் காதுக்கு
ஒரு வேலை கிடைத்திருக்கிறது.
சம்பளம் இல்லை.
ஒருநாள் நான் உப்புப் போட்டுக் கொடுத்த தேத்தண்ணியை
ஒன்றும் சொல்லாமல் குடித்தும் இருக்கிறான்.

நேற்று, மூன்று மணி இருக்கும்,
தொட்டியடிப் பக்கம் யானைவெடி.
ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு.
தகரம் அதிர்ந்தது.
பிள்ளைகளைப் பார்த்தேன்.
இனியாழின் கை ஏணைக்கு வெளியே தொங்கியது.
சாகித்தியன் நுளம்பு வலையைக் காலால் சுருட்டிக்கொண்டு கிடந்தான்,
இத்தனை நாள் கேட்ட யானை வந்தது தெரியாமல்.
பிறகு ரூபனைப் பார்க்கப் பயந்து பயந்து பார்த்தேன்.

சுவரில் சாய்ந்தபடி,
ஒரு கையில் ஏணைக்கயிறு,
வாய் பிளந்து, குறட்டை.

ஆறு வருசத்தில் முதல் தரம்.
களைப்பு என்று சொன்னால் போதும்,
வேறு பெரிய சொல் ஒன்றும் வேண்டாம்.
கயிற்றை அவன் விரலிலிருந்து கழற்றவும் பயமாக இருந்தது.
மூன்று பேரும் நித்திரை. வீட்டில் மூன்று பேரும்!
நானும் படுத்திருக்கலாம்.
மடைச்சி மாதிரி
இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலரைக்கு வைத்த அலாரத்தை
நாலு இருபத்தெட்டுக்கே நிற்பாட்டினேன்.
தேங்காயெண்ணெய்ப் போத்தலை எடுத்து
கொழுக்கிக்கு அல்ல,
கதவுப் பிணைச்சலுக்கு ரெண்டு துளி விட்டேன்.
செருப்பைக் கையில் எடுத்தேன்.
கதவு வாய் திறக்கவில்லை.

பின்னால் வலைக்குள்ளிருந்து:
"அம்மா, யானை வந்ததோ?"
"வந்தது. போயிட்டுது. படு."
கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.
பிறகு, ஊரெழும்ப:
"ஏன் என்னை எழுப்பேல்லை?"