இடப்பக்கம் மட்டும் ஓர் உறை

ஊயூனியில் மழை ஓய்ந்துவிட்டது.
உப்புவெளி மேல் ஒரு சாண் தண்ணீர்.
வானம் அப்படியே தரையில் கிடக்கிறதாம்,
பார்த்தவர்கள் வாய் பிளந்து சொல்கிறார்கள்.
என்னிடம் வந்து சேர்வது
அந்த வானத்தின் அடிப்பக்கம்:
ஜீப்புகளின் வயிற்றில்
பாளம் பாளமாய்க் காய்ந்த வெள்ளை.

போன நவம்பரில் நிக்கானோர் கோல்கே கேட்டான்:
"பின்பக்க ஷாக் அப்சார்பர் இரண்டும் புதுசு, கசிமிரா.
ரப்பர் உறை போடலாமா?
ஒன்று எண்பது பொலிவியானோ.
தண்டமா, தேவையா, நீ சொல்."

எவாரிஸ்தோவைக் கேட்டால் போடு என்பான்.
அவன் உறை விற்கிறான்.
அவன் மச்சானைக் கேட்டால் கிழித்தெறி என்பான்.
அவன் ஷாக் விற்கிறான்.
நான் இரண்டும் விற்பதில்லை,
அதனால் எனக்குத் தெரியவில்லை.

"ஒன்று மட்டும் வாங்கி வா" என்றேன்.
இடப்பக்கம் மாட்டினேன்.
கருப்புத் துருத்தி, பதினோரு மடிப்பு,
மேலும் கீழும் கிளிப்பு.
வலப்பக்கத் தண்டு அம்மணமாய் நின்றது,
குரோம் பளபளப்பில்
என் மூக்கு நீளமாய்த் தெரிந்தது.
"இதற்கு?" என்றான்.
"இது இப்படியே போகட்டும், மார்ச்சில் பார்ப்போம்."

மார்ச்.
ஜாக்கி வைத்துத் தூக்கினோம்.
வலப்பக்கம்:
கல் தெறித்த கீறல் நாலைந்து,
மினுக்கம் போயிருந்தது,
ஆயில் சீல் மட்டும் உலர்ந்தே இருந்தது.
இடப்பக்கம்:
கிளிப்பைத் தளர்த்தியதும்
ஒரு கைப்பிடி ஈர உப்பு
பொத்தென்று என் காலணி மேல்.
உள்ளே தண்டில் அம்மைத் தழும்பு.
சீல் கிழிந்து
எண்ணெய் கோடாய் இறங்கியிருந்தது.

காக்க வந்தது
கள்ளனை உள்ளே விட்டுக்
கதவையும் சாத்தியிருக்கிறது.
மச்சான் ஜெயித்தான் என்று
நோட்டில் எழுதப் போனேன்.

அப்போதுதான் பெலாகியா வாயைத் திறந்தாள்.
பயணிகளுக்குச் சமைக்க அதே ஜீப்பில் போகிறவள்,
அதுவரை உருளைக்கிழங்கு மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்.
"இவன் தினம் ராத்திரி
என் டீக் கெண்டியைத் தூக்கிக்கொண்டு போய்
வலப்பக்கத்தைக் கழுவுவான்.
பாவம், அதற்கு ஒன்றும் இல்லையே என்பான்."
"இடப்பக்கம்?"
"அதற்குத்தான் உறை இருக்கிறதே."

நாலு மாதம்.
நான் சோதித்தது ரப்பரையா
நிக்கானோரையா?
எழுதியதை அடித்தேன்.

உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும்.
ஒரு பக்கம் குடித்திருக்கிறது,
ஒரு பக்கம் வாய் கட்டிக் கிடந்திருக்கிறது,
அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.
இதே உறை,
புழுதிச்சாலையில் சுரங்கத்துக்கு ஆள் ஏற்றும் தெயோதோராவின் வண்டியில்
ஆறு வருஷம் ஓடியது.
கழற்றினபோது தண்டு
பெட்டியிலிருந்து எடுத்ததுபோல் இருந்தது.
அங்கே வெறும் தூசி. நனையாத தூசி.
அதை ரப்பர் தடுக்கும்.
உப்புநீர் ரப்பரைக் கேட்டுவிட்டா நுழைகிறது?

ஊருக்கு வெளியே
ரயில் எஞ்சின்கள் வரிசையாய்த் துருப்பிடித்து நிற்கின்றன.
அவற்றுக்கு யாரும் உறை போடவில்லை.
கழுவவும் இல்லை.
அவற்றின் மேல் ஏறிப் படம் எடுக்கிறவர்களை
நிக்கானோர்தான் கூட்டிப் போகிறான்.

ஆணியைக் காய்ச்சி
உறையின் கீழ்மடிப்பில் இரண்டு ஓட்டை போட்டேன்.
ரப்பர் நாற்றம் பட்டறை முழுக்க.
"நுழைகிறது நுழையட்டும், வெளியேற வழி இருக்கட்டும்.
சனிக்கிழமை தோறும் மேலே தூக்கிக் கழுவு.
முடியாதென்றால் கழற்றிப் போடு."
"சரி, அப்படியானால்
போடுவது லாபமா இல்லையா?"

இடப்பக்கத்துக்குப் புது ஷாக் மாட்டிக்கொண்டிருந்தேன்.
பதில் சொல்லவில்லை.

வலப்பக்க உறைக்கென்று
எண்பது பொலிவியானோவை மேசையில் வைத்தான்.
எடுத்துக்கொண்டான்.
கெண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த பெலாகியாவைப் பார்த்தான்,
மறுபடி வைத்தான்.
எண்ணிப் பார்த்தேன்.
நோட்டெல்லாம் உப்பு.