அரைப் பேர்

மஸ்கெலியா ஆஸ்பத்திரியில்
முன்பு துடைப்பங்கள் கிடந்த அறையில்
இப்போது ஒரு பெட்டி இருக்கிறது.
சோற்றுப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரியது.
மழை நாளில் என் ஸ்வெட்டரை அதற்குப் போர்த்துவேன்,
குளிர்ந்தால் கணக்குப் பிசகும்.

போன வருசம் வரைக்கும் இரத்தம் கண்டிக்குப் போனது,
ஐஸ் போட்ட ஃபிளாஸ்க்கில், பஸ் டிரைவரின் காலடியில்.
பதில் வர ஒன்பது நாள்.
வலிப்பு அவ்வளவு நாள் காத்திருப்பதில்லை.

இப்போது ஒரு துளி போதும்.
வெள்ளி பூசிய காகிதத்தில் வைத்து
சிவப்பு ஒளியை விடுகிறேன்.
டிக்கோயா வளைவில், பனிமூட்டத்தில்,
பஸ் லைட் சிதறுமே, அப்படித்தான்:
போன ஒளி போன நிறத்திலேயே திரும்பும்.
கோடியில் ஒன்று மட்டும்
உள்ளே யாரையோ தொட்டுவிட்டு
நிறம் மாறி வரும்.
அந்த ஒன்றுக்காகத்தான்
யன்னலுக்கு இந்தக் கறுப்புத் துணி.

பவளராணி. முப்பத்தொரு வயது. மேக்கணக்கு.
காலை ஒரு மாத்திரை, இரவு ஒன்று.
"ஒழுங்காத்தான் போடுறேன் மிஸ்."
கண்ணைப் பார்த்தே சொன்னாள்.

திரையில் கோடு எழுந்தது,
ஏழு கன்னி மலை மாதிரி,
ஒரு கன்னி குறைவாக.
மாத்திரை நிற்க வேண்டிய இடத்தில்
சின்னதாய் ஒரு மேடு.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
திரையை அவள் பக்கம் திருப்பினேன்.
நிறுவைத் தராசைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்,
முள் எங்கே என்று தேடினாள்.
பிறகு மெதுவாக:

"காலைல முழுசாப் போட்டா கை ஓடாது மிஸ்.
தூக்கம் தூக்கமா வரும்.
பதினெட்டுக் கிலோ வராட்டி அரைப் பேருதான்.
அதான், மாத்திரைய பாதியா உடைச்சு
பேர முழுசா வாங்குறேன்."

படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில்
இரண்டே இரண்டு கட்டங்கள்:
மறதி. மறுப்பு.
இரண்டையும் விட்டுவிட்டு
ஓரத்தில் எழுதினேன்: அரைப் பேர்.

டொக்டர் குருநாகலைக்காரர்.
வந்து ஏழு மாதம், எழுத்துக் கூட்டித் தமிழ் வாசிப்பார்.
தாளைத் திருப்பினார். பின்பக்கமும் பார்த்தார்.
கம்ப்யூட்டரில் அவள் பதிவைத் திறந்து
"மிஸ், மிச்சப் பேர் எங்கே?" என்றார்.

அடுத்த நோயாளி வர ஐந்து நிமிசம் இருந்தது.
கதிரையை இழுத்துப் போட்டு
கொழுந்திலிருந்து தொடங்கினேன்.