முடிச்சு

கரை விட்டுப் பதினோராம் நாள்.
வாழைச்சேனையில் ஏற்றிய ஐஸ்
பாதி கரைந்து தொட்டிக்குள் முனகுகிறது.
கச்சான் விழுந்துபோன இரவு.
எண்ணெய் பூசிய மாதிரிக் கடல்.

வலை மூன்று கிலோமீற்றர்
கிழக்கே கிடக்கிறது.
அதன் கடைசி விளக்குக்குப் பக்கத்தில்
நட்சத்திரத்தைவிடப் பதிவாய் ஒரு வெளிச்சம்,
நகராமல்.

"கப்பல் இல்லகா, கப்பலெண்டா இரைச்சல் கேக்கும்"
என்றார் மீராலெவ்வைக் காக்கா.
பதினாறாம் சனலில் ஒரு பெண்குரல்
தன் பெயரை ஒருதரம் சொன்னது,
படகின் பெயரை மூன்றுதரம்.
சுலக்சன் ஏ.எல். வரை போனவன்.
றேடியோவை அவன் கையில் திணித்தோம்.

பந்தயமாம்.
முப்பத்தியொரு பாய்ப்படகு.
எங்கோ தொடங்கி, நடுவில் கரை தொடாமல்
எங்கோ முடியுமாம்.
ஒவ்வொன்றிலும் ஒற்றை ஆளாம்.
மேல்நீர் ஒருபக்கம் இழுக்க, வலைநீர் ஒருபக்கம் இழுக்க,
எங்கள் வலை போய் அவள் சுக்கானைக் கட்டிக்கொண்டதாம்.

"இன்ஜின் கிடக்கா எண்டு கேளு மனே."
கிடக்கு. ஈயமுத்திரை குத்திக் கிடக்கு.
உடைச்சா பந்தயம் போச்சு.

சிரித்தோம்.
டீசலுக்குக் காப்பு அடகு வைத்து வந்தவர்கள்
வயிறு நோகச் சிரித்தோம்.
இன்ஜினை வைத்துக்கொண்டு
காற்றுக்குக் காத்திருக்கிறவளை
ஒருக்கால் பார்க்க வேணும்போலவும் இருந்தது.

பிறகு அந்தக் குரல் கேட்டது:
கையில் கத்தி இருக்கிறது.
வெட்டட்டுமா?

யாரும் சிரிக்கவில்லை.
காக்கா பீடியைத் தண்ணீருக்குள் போட்டார்.
"வெட்ட வேணாம் எண்டு சொல்லு. நாம வாறம்."

நாலு மணிக்கு எடுக்க வேண்டிய வலையைப்
பன்னிரண்டுக்கே எடுத்தோம்.
வெறும் வலைக்குத்தான் பாரம் அதிகம்.
ஆறு சூரை, ஒரு தளப்பத்து,
மிச்சமெல்லாம் கடல் வெளிச்சம்.

கடையாரில் குப்புறப் படுத்திருந்தாள்.
நெற்றியில் விளக்கு, ஒரு கையில் கட்டு.
மிதப்புக் கயிற்றைக் கொழுக்கித் தடியால்
கீழே கீழே தள்ளிக்கொண்டிருந்தாள்.
கத்தி பல்லில் இருந்தது.
வலை வழுகி வந்தது, ஒரு கண்ணும் அறாமல்.
சொல்ல எவருக்கும் ஒன்றும் வரவில்லை.
சுலக்சனுக்கும் வரவில்லை.

விடியற்புறம் கச்சான் எழும்பியது.
நாங்கள் தேத்தண்ணீர் ஊற்றித் திரும்புமுன்
அவள் இருந்த இடத்தில் கடல் இருந்தது.

துறைமுகத்தில் வன்னியசிங்கம் முதலாளி
தராசைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.
"வலைய என்னத்துக்கு நேரத்தோட எடுத்த?"

சுலக்சன் போனை நீட்டினான்.
பந்தயத்தின் வரைபடம், முப்பத்தியொரு கோடு.
பதினேழாவதாய் வந்த செம்மஞ்சள் கோடு
நேரே வந்து, ஓரிடத்தில்
இடியப்பம்போல் சுருண்டு,
திரும்பவும் நேரே போகிறது.
"இந்த முடிச்சுத்தான் முதலாளி, நாங்க."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார்.
"இதில என்ட போட் எங்க?"

இரண்டு விரலால் விரித்தான் சுலக்சன்.
இன்னும் விரித்தான்.
நீலம் பெரிதாகிக்கொண்டே போனது.